இருபத்தேழு நிமிடம்

நவம்பர் 5, செவ்வாய்

வக்கீல் குருநாதன் எழுதி வைக்கச் சொன்னார். "விசாரணைக்கு இன்னும் ஒரு மாசம் ஆகுமுங் பாட்டிம்மா. அதுக்குள்ள பாதி மறந்து போயிருமுங். தேதி போட்டு எழுதி வெச்சுக்குங்" என்றார்.

எனக்கா மறக்கும்? என் அம்மாவின் பாடையை அண்ணன் மாரப்பன் தூக்கச் சொன்னது எண்பத்தெட்டாம் வருடம், ஆடி பதினேழு, மத்தியானம் மூன்றேகால். நான் வெள்ளகோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து நின்றது மூன்றரை. கால் மணி நேரம் அவருக்குப் பொறுக்கவில்லை. பெற்றவள் முகத்தை நான் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருடமாக அந்த வீட்டில் நான் கை நனைத்தது கிடையாது. பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தது கிடையாது. பாவாத்தாளுக்கு மறதி என்று காங்கயத்தில் எவளும் சொல்ல மாட்டாள்.

இருந்தாலும் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து. வளைந்துதான் இருக்கும். பொய் இருக்காது.

அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. மகள் கோகிலவாணிக்கு லண்டனில் இரண்டாவது பிரசவம். பத்தியம் பார்க்க நானும் எங்கூட்டுக்காரரும் கிளம்பினோம். சென்னையில் விமானம் கிளம்பியது பதினொன்று நாற்பது. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அவருக்கு நெஞ்சுவலி. நான் பொத்தானை அழுத்தினேன். பணிப்பெண் வந்தாள். பன்னிரண்டு மணிக்கு விமானம் திரும்பியது. வெயில் எங்கள் ஜன்னலை விட்டு அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போனதில் தெரிந்தது. ஊர் பக்கத்தில்தான். நேராக இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கடல் மேலே போய் வட்டம் போட்டான் அந்தக் கேப்டன். பன்னிரண்டு பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு முப்பத்தொன்பது வரைக்கும், இருபத்தேழு நிமிடம், இறக்கையிலிருந்து எண்ணெயைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தொன்பதுக்கு இவருக்கு மூச்சு நின்றது. உடனே கொட்டுவதை நிறுத்திவிட்டு விமானத்தைத் தரையில் இறக்கினான். பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

உயிர் போன பிறகு இறக்க முடிந்தது. உயிர் இருந்தபோது முடியவில்லை.

அந்த ஆள் மறுபடியும் விமானம் ஓட்டக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நவம்பர் 6, புதன்

காலையில் மழைக்கோப்பு, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் காய்ந்த கொப்பரை முழுவதையும் அள்ளித் தார்ப்பாய் போட்டோம். மழை வரவில்லை. மறுபடியும் பிரித்துப் போட்டோம். வானமும் என்னை ஏய்க்கிறது.

நவம்பர் 9, சனி

மகன் சென்னியப்பன் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் செல்போனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எண்ணெயை ஏன் கொட்டுகிறார்கள் என்று படம் காட்டினான்.

"தூர தேசம் போற விமானத்துல கெளம்பும்போது ரொப்பி விடுவாங்கம்மா. பறக்கப் பறக்கத் தீர்ந்துரும். எறங்கையில லேசா இருக்கும். சக்கரம், பிரேக் எல்லாம் அந்தக் கனத்துக்குத்தான் கட்டியிருக்காங்க. கெளம்புன உடனே திரும்பினா எண்ணெய் அப்படியே இருக்குதல்ல? அதோட எறங்குனா ஆபத்து. அதனால மேலயே கொட்டிக் கனத்தைக் கொறைக்கறாங்க. அது கீழ வந்து சேராது. காத்துலயே ஆவியாப் போயிரும்."

"நம்ம களத்துல லாரிக்குப் பாரம் ஏத்தறமே, பாரம் சாஸ்தின்னு டிரைவர் வழியெல்லாம் கொப்பரையைக் கொட்டிக்கிட்டா போறான்?"

"லாரி வேறங்மா."

"சரி. அன்னைக்குப் பாதியில நிறுத்திப்போட்டு எறங்குனானே, சக்கரம் வெடிச்சுதா? எறக்கை ஒடிஞ்சுதா? ஒரு டம்ளர்ல தண்ணி தளும்புச்சா?"

அவன் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அப்பனைப் போலவே.

எனக்கு யாரும் படம் காட்ட வேண்டாம். நான் கண்ணால் பார்த்தவள். என்னுடையது ஜன்னல் சீட்டு, இறக்கைக்கு நேர் பின்னால். இறக்கை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வால் போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் அது எதற்கென்று தெரியாது. முதலில் கொஞ்சம் துப்பியது, வாய் கொப்பளித்த மாதிரி. பிறகு நின்றது. பிறகு பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து இரண்டு முழம் வரைக்கும் கண்ணாடிக் கயிறு மாதிரி தண்ணீராகத் தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளை. அப்புறம் அகலமாகிப் புகை. அப்புறம் ஒன்றுமில்லை. விமானம் சாய்ந்து திரும்புகிறபோதெல்லாம் வெள்ளை வளைந்தது. கீழே கடல் ஈயத்தட்டு மாதிரி கிடந்தது. அங்கே மேகம் விலகி வெயில் ஒரே ஒரு தடவை வந்தது. அப்போது அந்தப் புகையில் சின்னதாக ஒரு வானவில்.

அத்தனை எண்ணெய். அடுப்புக்கு மண்ணெண்ணெய் வாங்க ரேசன் கடையில் கால் கடுக்க நின்றவள் நான்.

நவம்பர் 12, செவ்வாய்

கோகிலா போன் பண்ணினாள். கால் வீங்கியிருக்கிறதாம். பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

பிறகு கேட்டாள்: "அம்மா, அப்பா ஒன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா? நெஞ்சு வலிக்குது, படபடங்குதுன்னு எதாச்சும்?"

"சொன்னதும்தான் பொத்தானை அழுத்துனேன்."

"அதுக்கு முன்னால?"

"முன்னாலன்னா?"

"இல்ல, நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையாமே. கெளம்பறதுக்கு மொத நாள் அப்பா போன்ல சொன்னாரு. 'உங்கம்மா இருபத்திரெண்டு நாளா என்கூடப் பேச்சை விட்டுட்டா, லண்டன் வந்தாப்பல நீதான் பஞ்சாயத்துப் பண்ணோணும் கண்ணு'ன்னு சிரிச்சாரு."

எனக்கு ஆத்திரம் வந்தது. மகளிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறார். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

எழுதுகிறதென்று ஆனபின் இதையும் எழுதுகிறேன். பேசாமல் இருந்தது உண்மை. காரணமும் உண்டு. மாரப்பன் அண்ணன் பேரனுக்குக் காது குத்து. பத்திரிகை வந்தது. அடுப்பில் போட்டேன். இவர் ஈரோட்டுக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளகோவில் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்திருக்கிறார். தாம்பூலப் பையைச் சைக்கிள் கூடையிலேயே விட்டுவிட்டார். பையில் அண்ணன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் முப்பத்தாறு வருடம் நனைக்காத கையை இவர் ஒரே மத்தியானத்தில் குழம்பும் ரசமுமாக நனைத்துவிட்டு வந்தார். கேட்டால் என்ன சொன்னார் தெரியுமா? "கால் மணி நேரத்துக்கு முப்பத்தாறு வருசம் சாஸ்தி பாவா."

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நான் முதலில் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் இது புதிதில்லை. எங்கள் சண்டையில் மருமகள் செல்வநாயகிதான் தபால்காரி. "உங்க மாமனாரைச் சாப்பிட வரச்சொல்லு" என்பேன், அவர் இரண்டடி தள்ளி நிற்பார். மருமகள் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வேன். "ஏ செவலை, காபி ஆறுதுன்னு சொல்லு." அவரும் மாட்டிடமே பதில் சொல்வார். மாடு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்னும்.

இதற்கும் இருபத்தேழு நிமிடத்துக்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 15, வெள்ளி

மாரப்பன் அண்ணன் துக்கம் கேட்க மறுபடியும் வந்தார். கோடிச்சேலை கொண்டுவந்த அன்றைக்கே வாங்காதவள் நான். வாசலோடு அனுப்பினேன்.

நவம்பர் 20, புதன்

கேப்டன் மேல் நான் கொடுத்த புகாருக்குக் கடிதம் வந்தது. விசாரணை டிசம்பர் பதினொன்று, சென்னையில். அதுவரைக்கும் அந்தக் கேப்டனை விமானம் ஓட்ட விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். துக்க வீடாக இல்லாவிட்டால் பாயசம் காய்ச்சியிருப்பேன்.

கூடவே நான்கு பக்கக் கேள்வித்தாள். சென்னியப்பன் படித்தான், நான் சொன்னேன், அவன் எழுதினான். ஏற்கெனவே இருதய நோய் உண்டா? இல்லை. கடைசியாக என்ன சாப்பிட்டார்? இரண்டு இட்லி. நோயின் அறிகுறி முதலில் தெரிந்தது எத்தனை மணிக்கு?

"பதினொண்ணு அம்பத்தஞ்சு."

அவன் பேனா எழுதாமல் நின்றது. "அதுக்கு முன்னால ஒண்ணும் இல்லீங்களாம்மா?"

"எழுதுறயா, நானே எழுதட்டுமா?"

எழுதினான்.

நவம்பர் 24, ஞாயிறு

விமானத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்த பெண் போன் பண்ணினாள். பெனடிக்டா. நாகர்கோவில்காரி. லண்டனில் மருந்துக்கடையில் வேலை, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சீட்டு வரிசையில் நான் ஜன்னல், இவர் நடு, அவள் ஓரம். விமானக் கம்பெனிக்காரர்கள் அவளிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவள் என் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"பாட்டி, என்னத் தெரியுதா?"

எனக்கா தெரியாது. ஏறும்போது அவள் பை மேலே நுழையாமல் இவர்தான் திருப்பி வைத்துக் கொடுத்தார். உட்கார்ந்ததும் இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மருமகளும் இல்லை, செவலையும் இல்லை. அந்தப் பெண்ணைத் தபால்காரி ஆக்கிவிட்டார். "அம்மிணி, என்ற மூக்குக்கண்ணாடி அவ பையில இருக்குதான்னு கேளு." அவள் குனிந்து இவரைத் தாண்டி என்னிடம், "பாட்டி, தாத்தா கண்ணாடி கேக்காங்க" என்பாள். நான் எடுத்து அவளிடம் கொடுப்பேன். அவள் இவரிடம் கொடுப்பாள். இவர் முழங்கை என் முழங்கை மேல் பட்டுக்கொண்டே இருந்தது. மூன்று தரம் நடந்தது. நாலாம் தரம் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தாத்தா, பக்கத்துலதான இருக்காங்க, நீங்களே கேளுங்க" என்றாள். "அது ஆகாதும்மிணி, சட்டம் அப்படி" என்று இவரும் சிரித்தார்.

இன்றைக்கு அவள் அழுதாள்.

"அப்புறமா தாத்தா என் கையில தட்டுனாங்க பாட்டி. விமானம் மேல ஏறிட்டு இருக்கும்போ. எனக்கு ரெண்டு நாளா உறக்கம் இல்ல. திரும்பவும் கண்ணாடி, மிட்டாயின்னு எதாவது கேப்பாங்கன்னு நெனச்சி, காதுல பாட்டை மாட்டிக்கிட்டு உறங்குன மாதிரி இருந்துட்டேன். ரெண்டு தரம் தட்டுனாங்க. நான் கண்ணத் தொறக்கல. நான் தொறந்திருந்தா அவங்க சொல்லியிருப்பாங்க, இல்லையா? உங்ககிட்ட நான் சொல்லியிருப்பேன். சொல்லுங்க பாட்டி, நான்தான் காரணமா?"

நான் சொன்னது: "நடந்தது நடந்துபோச்சு."

அவள் இன்னும் அழுதாள். நான் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பால் கறக்கும்போது செவலை காலைத் தூக்கியது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். இத்தனை வருடத்தில் அதை நான் அடித்ததில்லை.

நவம்பர் 25, திங்கள்

அந்தப் பெண் காதை அடைத்துக்கொண்டது தப்புதான்.

நவம்பர் 26, செவ்வாய்

தப்பில்லை. முன்பின் தெரியாதவள். அவளுக்கு என்ன தலையெழுத்து?

டிசம்பர் 2, திங்கள்

கோகிலாவுக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அங்கே பிள்ளை பெற்ற மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், ஒரு பூண்டுக் குழம்பு இல்லை, ஒரு பிரசவ லேகியம் இல்லை. செல்போனில் காட்டினாள். நெற்றியும் முன்மண்டையும் இவர் போலவே. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நெற்றியை அவர் பார்த்திருக்க வேண்டும். பத்து மணி நேரப் பயணம் மிச்சம் இருந்தது.

அந்தக் கேப்டனுக்கும் பிள்ளைகள் இருக்கும். பேரன் பேத்தி எடுத்து, நெற்றியைப் பார்த்து மகிழட்டும். தரையில் உட்கார்ந்துகொண்டு பார்க்கட்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஈரோட்டில் காலை ரயில். நானும் சென்னியப்பனும். தயிர்சோறு கட்டிக்கொண்டோம். வக்கீல் வேறு பெட்டியில் வருகிறார்.

சேலம் தாண்டியதும் மகன் கேட்டான். எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து.

"அம்மா, நாளைக்கு அந்த அதிகாரி கேக்கறதுக்கு முன்னால நான் கேக்கறேன். அந்தப் பொண்ணு எனக்கும் போன் பண்ணுச்சு. அப்பா உங்ககிட்ட நேரா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"பேசாதவகிட்ட எப்படிடா நேராச் சொல்லுவாரு?"

"சொல்லுவாருங்மா. உங்களுக்குத் தெரியாதா? செவலையைப் பாத்துச் சொல்லுவாரு, செவுத்தைப் பாத்துச் சொல்லுவாரு. நாம கேட்டுக்கோணும்னுதான் சொல்லுவாரு."

நான் தயிர்சோற்றைப் பிரித்தேன். ஜோலார்பேட்டை வரைக்கும் அவன் சாப்பிடவில்லை.

டிசம்பர் 11, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது மாடியில் ஒரு அறை. நீள மேசை. ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, தலை நரைத்தவர், பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டுகிற பையன். இந்தப் பக்கம் நான், மகன், வக்கீல். எதிரே அந்தக் கேப்டன்.

பெயர் சடகோபன். ஸ்ரீரங்கத்துக்காரர். ஐம்பது ஐம்பத்திரண்டு வயது. நான் நினைத்து வைத்திருந்த ஆள் தடித்து, தொப்பி வைத்து, காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். இவர் ஒல்லியாக, சாதாரணச் சட்டை போட்டு, தண்ணீர்ப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனுசன் மேல் ஐம்பத்துநாலு நாள் கோபத்தை வளர்த்து வைத்திருக்கிறபோது அவன் அதற்குத் தக்க மாதிரி இருக்க வேண்டாமா?

அதிகாரி என்னை முதலில் சொல்லச் சொன்னார். பார்த்ததை எல்லாம் சொன்னேன். குழாய், கண்ணாடிக் கயிறு, வெள்ளை, சாய்ந்தபோது வளைந்தது, வானவில், ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு என்று. தட்டுகிற பையன் இரண்டு முறை என்னை நிறுத்தச் சொன்னான், அவன் விரல் ஈடு கொடுக்கவில்லை.

கேப்டன் அதிகாரியைப் பார்த்து, "சார், அம்மா சொன்ன நேரமெல்லாம் ரெக்கார்டரோட நிமிஷம் பிசகாம இருக்கு" என்றார். பிறகு என்னிடம், "இருபத்தாறு வருஷமா ஓட்டறேம்மா. எண்ணெய் வெளியேத்தறத இவ்ளோ துல்லியமா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல" என்றார்.

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். இருபத்தேழு நிமிடமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளால்தான் அப்படிச் சொல்ல முடியும். பணிப்பெண் எங்கூட்டுக்காரருக்கு மூக்கில் காற்றுக்குழாய் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

அதனால் இன்னும் சத்தமாகக் கேட்டேன். "சுத்தி வளைக்காதீங்க. நேரா எறங்கியிருந்தா எத்தனை மணிக்குத் தரையில இருந்திருப்பீங்க?"

"பன்னண்டு பதினெட்டு, இருபதுக்குள்ள."

"எறங்க முடியுமா, முடியாதா?"

வக்கீல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"முடியும்" என்றார் கேப்டன். "கிளம்பறப்ப இருநூத்து முப்பது டன் இருந்தோம். எறங்கறதுக்கு நூத்துத் தொண்ணூறுதான் கணக்கு. நாப்பது டன் அதிகம். அவசரம்னா அதோடயே எறங்கலாம், எங்களுக்கு அனுமதி உண்டு. ஆனா அன்னிக்கு மழை பேஞ்சு ஓடுபாதை ஈரம். அவ்ளோ கனத்தோட ஈரத்துல எறங்கினா பிரேக் பிடிக்கற தூரம் ரொம்ப நீளும். சக்கரம் தீப்பிடிக்கலாம். உள்ள முந்நூத்துப் பதினோரு பேர். நிமிஷத்துக்கு ஒரு டன் வெளியேத்தலாம். அந்த அதிகக் கனத்துல முக்கால்வாசி கொறைச்சுட்டு எறங்கலாம்னு முடிவெடுத்தேன். தாத்தாவுக்கு மூச்சு நின்னுடுச்சுன்னு சொன்னவுடனே, பத்துப் பன்னண்டு டன் அதிகமா இருந்தும், எறக்கிட்டேன்."

"முடியும்னு ஒத்துக்கிட்டாருங்" என்று வக்கீல் என் காதில் சொன்னார். "ஜெயிச்சுட்டமுங் பாட்டிம்மா."

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்தார். "கேப்டன், நோயாளி நெலமை மோசமா இருந்தா கனத்தோட எறங்கணும்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் ஏன் வெளியேத்த முடிவு பண்ணீங்க? பணிப்பெண் உங்களுக்கு என்ன தகவல் கொடுத்தாங்க?"

கேப்டன் பாட்டிலைத் திருகினார். "அது என் முடிவு சார். பொறுப்பு என்னோடது."

"தகவல் என்னன்னு கேட்டேன்."

"வேண்டாம் சார்."

அதிகாரியே படித்தார். "முதியவர், நினைவோடு இருக்கிறார். நெஞ்சில் பாரம். எப்போதிருந்து என்று கேட்டதற்கு மனைவி, இப்போதுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்றார்." காகிதத்தை வைத்தார். "இப்பத்தான் தொடங்கினதுன்னு நெனச்சு, நேரம் இருக்குன்னு முடிவெடுத்தீங்க. சரியா?"

"சார், அவங்க மேல இதைப் போடாதீங்க" என்றார் கேப்டன். "வயசானவங்க. பதட்டத்துல சொல்லியிருப்பாங்க. நான் இன்னொரு தரம் கேக்கச் சொல்லியிருக்கணும். என் தப்புன்னே எழுதிக்குங்க."

இந்த ஆள் எனக்குப் பரிதாபப்படுகிறாரா? எனக்காக இவர் தலையைக் கொடுக்கிறாரா? பகையாளி வீட்டுத் தண்ணீரைத் தொடாதவள் நான். இவர் கொடுப்பதையா வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருவேன்?

"நிறுத்துங்க" என்றேன். "உங்களை யாரு எனக்கு வக்காலத்து வாங்கச் சொன்னது?"

வக்கீல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"பதட்டமெல்லாம் இல்லீங். தெரிஞ்சுதான் சொன்னேன். அந்தப் புள்ளை எப்ப இருந்துன்னு கேட்டா. அம்பது நிமிசமான்னு சொன்னா, அம்பது நிமிசம் நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு அடுத்தது கேப்பாளல்ல? அதனால இப்பத்தான்னு சொன்னேன். பொய்."

தட்டுகிற பையன் கையை எடுத்துவிட்டான். சென்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "அவர் உங்ககிட்ட முன்னாடியே சொன்னாரா?"

"என்கிட்டச் சொல்லலை. நாங்க பேசறதில்லை. முன்சீட்டு முதுகைப் பாத்துச் சொன்னாரு. 'நெஞ்சை அமுக்குது. எறங்கிப் போயிரலாம்னு இருக்குது.' அப்பத்தான் அந்த நாகர்கோயில் பொண்ணு எந்திரிச்சுப் பாத்ரூம் போயிருந்தா. பக்கத்துல வேற யாரும் இல்லை. நான் ஜன்னலைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன். நடிக்கறாருன்னு நெனச்சேன். அதுக்கு ஒரு வாரம் முன்னால கால்ல முள்ளுன்னு நொண்டிக்கிட்டு வந்தாரு, நான் பதறி வாயைத் தொறப்பனான்னு பாக்க. முள்ளும் இல்லை, ஒண்ணும் இல்லை. இதும் அப்படின்னு இருந்துட்டேன். நான் மொதல்ல பேசக் கூடாதல்ல? அவரு கண்ணை மூடிச் சாஞ்சுக்கிட்டாரு. விமானம் ஏறுச்சு. அவர் அந்தப் பொண்ணைத் தட்டறது தெரிஞ்சுது. அதையும் பாக்காத மாதிரி இருந்தேன். கை என்ற மடியில வந்து விழுந்துச்சு. சில்லுனு இருந்துச்சு. அப்பத்தான் பொத்தானை அழுத்துனேன்."

கேப்டன் எழுந்து, கையைக் கூப்பி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"உட்காருங்க" என்றேன். "உங்களை நான் விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. முடியும்னு சொன்னீங்க. முடியறதைச் செய்யலை. அந்த இருபத்தேழு நிமிசத்துக்கு நீங்க பதில் சொல்லுங்க. அம்பது நிமிசம் என்னுது. அதுல பங்கு கேக்க வராதீங்க. அந்த மருந்துக்கடைப் பொண்ணுக்கும் அதுல பங்கு கிடையாது. அவளுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

அவர் உட்கார்ந்தார். "சரிம்மா" என்றார்.

பையன் தட்டி முடித்துக் காகிதத்தை எடுத்தான். அதிகாரி எனக்காகச் சத்தமாகப் படித்தார். நல்ல மனுசன், எனக்கு வலிக்கக் கூடாதென்று நினைத்திருக்கிறார். "வயது மூப்பாலும் பயணக் களைப்பாலும் கணவரின் ஆரம்ப அறிகுறிகளை மனைவி கவனிக்கத் தவறினார்" என்று எழுதியிருந்தது.

"தவறலீங். கவனிச்சேன். அதை அழிச்சுப்போட்டு எழுதுங்."

"எப்படி எழுதணும்மா?"

"அவர் சொன்னது காதுல விழுந்துது. பேசலை."

பையன் தட்டினான்.

"எத்தனை மணிக்குன்னு எழுதுங்."

"சொல்லுங்கம்மா."

"பதினொண்ணு அஞ்சு."

"பதினொண்ணு நாப்பதுக்குத்தானே விமானம் கிளம்பிச்சு?"

"ஆமாங். கதவு தெறந்திருந்துது. ஆளுக இன்னும் ஏறிக்கிட்டு இருந்தாங்க. அதையும் எழுதுங்."

அதிகாரி பையனைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசி வரியை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கதவு திறந்திருந்தது என்று இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.